குறி இல்லாத சட்டை

கணக்கு வாத்தியார் சட்டை வாங்கத்தான் வந்தார். திரும்பிப் போகவில்லை.

அன்று காலை ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருத் தெருவாகப் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டோடு சண்டை மூண்டிருந்தது. அங்கிருந்து பிழைக்க வந்தவர்கள், தாத்தா காலத்தில் வந்திருந்தாலும் சரி, மைதானத்துக்கு வந்துவிட வேண்டும் என்று வண்டி சொன்னது. அக்கரைக்காரர்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் அதே கதிதான் என்றும் சொன்னது. மைதானத்திலிருந்து லாரிகள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்கவில்லை.

வண்டி போனதும் தெரு வாயை மூடிக்கொண்டது. வாத்தியார் சலவைக்கடைக்குள் நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டு வாசலில் லாரி நிற்பது அங்கிருந்தே தெரிந்தது.

“சட்டை ரெடியா?” என்றார். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ரெடியாகத்தான் இருந்தது. சலவைக்காரி மடித்து அலமாரியில் வைத்திருந்தாள்.

“இன்னும் இஸ்திரி போடல,” என்றாள். “உள்ள வந்து உட்காருங்க சார்.”

யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் தெருவை எட்டிப் பார்த்தாள்.

கடையின் பின்பக்கம் துணி அவிக்கிற கொப்பரை அறை. அதற்கு மேலே ஒரு பரண். வெயில் இல்லாத நாட்களில் துணி உலர்த்துவதற்காகப் போட்டது. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். ஈரப் படுக்கை விரிப்புகள் வரிசை வரிசையாகத் தொங்கும். கடைசி வரிசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கலாம். கீழே கொப்பரை கொதிக்கும்போது மேலே இருமினால் கேட்காது. கொப்பரை அணைந்த பிறகு வாத்தியார் புரண்டுகூடப் படுக்கக் கூடாது.

சலவைக்காரி தனி ஆள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். மகளை இதே ஊரில் கட்டிக் கொடுத்திருந்தாள். மருமகனுக்கு அரசாங்க ஆபீசில் வேலை. தெருவில் அவளுக்குக் ‘கஞ்சியக்கா’ என்று பேர். அவள் கஞ்சி போட்ட சட்டையைத் தரையில் வைத்தால் உள்ளே ஆள் இல்லாமலே நிற்கும் என்பார்கள். அவளும் அப்படித்தான் நிற்பாள் என்பார்கள்.

வாத்தியாரின் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டாள். துணியைப் பற்றிக் கவலைப்படவில்லை. சலவைக்கடைக் கயிற்றில் ஒரு சட்டை கூடுதலாகக் காய்ந்தால் யார் கண்ணை உறுத்தப் போகிறது? குறி மட்டும்தான் தொல்லை. ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் கழுத்துப் பட்டியின் உள்பக்கம் கலர் நூலில் ஒரு குறி தைப்பாள். வாத்தியாருக்குப் பச்சை நூலில் பெருக்கல் குறி. மைதானத்துக்குப் போனதாக ஊர் நினைக்கிற ஆளின் குறி கடையில் இருக்கக் கூடாது. முதல் நாளே அந்தப் பச்சை நூலை ஊசியால் பிரித்தெடுத்து அடுப்பில் போட்டாள். வேறு வீட்டுக் குறியைத் தைத்தால் அந்த வீட்டுக்கு வினை. அதனால் எதையும் தைக்கவில்லை.

துவைத்து மடித்த சட்டையை முதல் தடவை ஏணி வழியாக மேலே நீட்டியபோது வாத்தியார் அதைத் தடவிப் பார்த்தார்.

“கஞ்சி எல்லாம் எதுக்கு? இங்க யாரு பார்க்கப் போறா?”

“நான் பார்ப்பேன்ல.”

“பரண்ல மாப்பிள்ளை மாதிரி படுத்திருக்கேன்.”

“சும்மா போடுங்க சார். கஞ்சி இல்லாம மடிக்க என் கைக்கு வராது.”

அந்தக் கைதான் காரியத்தைக் கெடுத்தது. கசங்கிய பழந்துணியாக ஒரு மூலையில் கிடந்திருந்தால் அந்தச் சட்டை அவள் வீட்டுத் துணியோடு துணியாகப் போயிருக்கும். வெள்ளையாக, விறைப்பாக, வாடிக்கைக்காரர் சட்டை போலவே இருந்தது. ஒரு நாள் காய்ச்சலோடு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கை பழக்கத்தில் அதை எடுத்து ரொட்டிக்கடை வீட்டு மூட்டையில் வைத்துவிட்டது.

மறுநாள் காலை ரொட்டிக்கடைக்காரி அதைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடையில் அப்போது இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ராணுவ முகாமிலிருந்து சீருடை மூட்டை கொண்டுவருகிற சிப்பாய். சண்டை தொடங்கியதிலிருந்து முகாம் துணியும் அவளுக்குத்தான். மற்றவர் கரிக்காரர். கொப்பரைக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் கரி போடுகிறவர். தோளில் மூட்டையோடு நின்றிருந்தார்.

“கஞ்சியக்கா, இது யாரு சட்டை? எங்க மூட்டைல இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு வயித்துக்கு இந்த மாதிரி ரெண்டைச் சேர்த்துத் தைக்கணும்.”

“குடு. மாறி வந்திருக்கும்.”

“யாருதுன்னு பார்க்கலாம்னு கழுத்தைத் திருப்பினேன். குறியே இல்லையேக்கா.” அவள் சட்டையைக் கொடுக்கவில்லை. “உன் கடைல குறி இல்லாத துணின்னா, அது உன் வீட்டுத் துணிதானே?”

அது ஊருக்கே தெரியும். தன் துணிக்கு அவள் குறி போட்டதில்லை. தன்னுடையது தனக்குத் தெரியாதா?

“ரொட்டியும் இப்பல்லாம் கூட ஒண்ணு வாங்குற. தனியா இருக்கிற மனுஷிக்கு இவ்வளவு பசியான்னு நானும் யோசிச்சேன்.”

சிப்பாய் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைப் பார்த்தான். அவன் முகத்தில் இன்னும் சிரிப்புதான் இருந்தது. அது எவ்வளவு நேரம் இருக்கும் என்று சலவைக்காரிக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும்.

“அது என்னோடது,” என்றார் கரிக்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள். தலை முதல் கால் வரை கரி. கண்ணும் பல்லும்தான் வெள்ளை.

“உங்களுதா?” ரொட்டிக்கடைக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏன், மூட்டையை இறக்கி வெச்சுட்டுக் குளிச்சா நானும் மனுஷன்தான்.”

“கரி தூக்குறவருக்கு வெள்ளைச் சட்டையா!” என்றான் சிப்பாய்.

“அதனாலதான் தம்பி சலவைக்காரங்க வீட்டுப் பக்கம் ஒதுங்கினேன்.”

சிப்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரொட்டிக்கடைக்காரிக்குச் சட்டையைவிடப் பெரிய விஷயம் கிடைத்துவிட்டது. சட்டையை மேஜையில் போட்டுவிட்டு, கால் தரையில் படாமல் தெருவுக்குப் போனாள்.

கரிக்காரர் பின்னால் போய் மூட்டையைக் கொட்டினார். சலவைக்காரி அங்கே போய் நின்றாள்.

“எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

“உங்க மூஞ்சியைப் பார்க்க முடியல.”

“நான்...”

“யாருதுன்னு நான் கேட்டேனா முதலாளியம்மா?” அவளையும் அவள் கையையும் தவிர வேலையாள் இல்லாத கடைக்கு அவள் முதலாளி என்பது அவருடைய பழைய கேலி. “கேக்கவும் மாட்டேன். உங்க வீடு, உங்க மனசு. ஊர் வாயில ஒரு பேரு விழுந்துதான் ஆகணும். அது என் பேராவே இருக்கட்டும். பெண்டாட்டி போனவன். என்னை யாரு கேக்கப் போறா? பக்கத்து ஊர்ல ஒரு தங்கச்சி இருக்கா. அவ எப்பவும் திட்டறதுதான்.”

அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்கு யாரோ ஒருவர் இருக்கிறார். அந்த யாரோ, தான் இல்லை. கரிக்கு அடியில் அவர் முகம் வாடியிருந்தது.

அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். மேலே பரணில் ஒரு மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார். வாயை மூடிக்கொண்டாள்.

“சொன்னா சொன்ன மாதிரி நடக்கணும்,” என்றார் கரிக்காரர். “சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் உட்காருறேன். இல்லன்னா நாலு நாள்ல சாயம் வெளுத்துடும்.”

வந்தார். குளித்து, ஈரத் தலையோடு, நகக்கண்ணில் மட்டும் கரியோடு வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார். அவள் இஸ்திரி போட்டாள். கடைக் கதவு திறந்தே இருந்தது. தெரு பார்க்க வேண்டுமே. கறுப்பும் வெளுப்பும் ஜோடி சேர்ந்துவிட்டது என்று தெரு சிரித்தது. விடுமுறை நாளில் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லி அந்தச் சட்டையை அவருக்கே கொடுத்தாள். கழுத்துப் பொத்தான் எட்டவில்லை.

“திறந்தே விடுங்க,” என்றாள்.

“காத்தோட்டமா இருக்கட்டும்.”

நாளாக நாளாக, அவர் வர நேரமானால் அவள் வாசலைப் பார்க்க ஆரம்பித்தாள். அது நடிப்புக்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

“அவர்கிட்ட சொல்லிடுங்க,” என்றார் வாத்தியார், ஒரு மத்தியானம் ஏணியின் மேல்படியிலிருந்து. “என்னன்னு தெரியாமலே ஒருத்தர் இதைச் சுமக்கறது சரியில்ல.”

“தெரியாதவர் வாயிலேர்ந்து எதையும் பிடுங்க முடியாது சார்.”

“அவருக்கு நல்லதுன்னு சொல்றீங்களா, இல்ல எனக்கா?”

அவள் கொப்பரைக்குக் கரி அள்ளிப் போட்டாள்.

அந்த வாரம் மகள் வந்தாள். குழந்தையைக் கூட்டி வரவில்லை. உட்காரவும் இல்லை.

“ஆபீஸ்ல அவரைக் கேலி பண்றாங்கம்மா. மாமனார் எப்படி இருக்கார், கரி விலை என்னன்னு கேக்கறாங்க.”

“கேக்கட்டும்.”

“பொய்னு சொல்லும்மா. நான் நம்பறேன்.”

மருமகன் வேலை பார்க்கிற அதே கட்டடத்திலிருந்துதான் ஒலிபெருக்கி வண்டி கிளம்பியது. சலவைக்காரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி உள்ளே இருந்த கங்குகளை ஊதினாள்.

“பொய் இல்ல.”

“அப்பா சட்டைக்குக்கூட நீ இப்படி முகம் சிவந்து இஸ்திரி போட்டதில்ல,” என்றாள் மகள். பிறகு வரவில்லை.

முகாமில் அந்தச் சிப்பாய் கரிக்காரர் கதையைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சிரிக்காத அதிகாரி ஒருவர் இருந்தார். கரிக்காரரை அந்தச் சட்டையோடு கூட்டி வரச் சொன்னார். கழுத்துப் பொத்தானைப் போடச் சொன்னார்.

அதே சமயம் கடைக்கும் ஆள் வந்தது. தெருமுனையில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் சலவைக்காரி கொப்பரையின் மூடியைத் தள்ளிவிட்டு, இருந்த கரியையெல்லாம் அடுப்பில் கொட்டினாள். மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். ஒருவன் ஏணியில் ஏறினான். வெந்நீராவியும் ஈர விரிப்பும் முகத்தில் அறைந்தன. அரைக் கண்ணோடு இரண்டு வரிசையை விலக்கிப் பார்த்துவிட்டு, அவளுடைய தாயைத் திட்டிக்கொண்டே இறங்கினான். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் வாத்தியார் இருந்தார்.

கரிக்காரர் திரும்பி வரவில்லை.

மறுநாள் வாத்தியார் ஏணியிலிருந்து இறங்கினார். தலை சீவியிருந்தார். “நான் போறேன். போய்ச் சொன்னா அவரை விட்டுடுவாங்க.”

வாத்தியார் போனால் அவளையும் விட மாட்டார்கள், கரிக்காரரையும் விட மாட்டார்கள். இரண்டு பேருக்குமே அது தெரியும். ஆனாலும் அவள் வழியை விட்டு விலகி நின்றாள். கதவு திறந்திருந்தது. வாத்தியார் வாசற்படி வரை போனார். அங்கே கால் நின்றுவிட்டது. தெருவில் பகல் வெளிச்சம். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு திரும்பி வந்து ஏணியில் ஏறினார். தான் விலகி நின்றதைப் பற்றி அவளும், தான் திரும்பி வந்ததைப் பற்றி அவரும் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

சீருடை மூட்டையை அவளே சுமந்துகொண்டு முகாமுக்குப் போனாள். அந்தச் சிப்பாய்தான் வாசலில் இருந்தான். அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

“சிரிக்கத்தான் சொன்னேன்க்கா. சத்தியமா.”

“அவரைப் பார்க்கணும்.”

“நான் மூட்டையை உள்ள வெச்சுட்டு வர்ற வரைக்கும்தான். அந்தக் கொட்டகை ஜன்னல்.”

ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது. கரிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். முகத்தில் கரி இல்லை. கறுத்திருந்தது வேறு காரணத்தால்.

“முதலாளியம்மா, உங்க கைச் சாப்பாட்டுல பெருத்துட்டேன், அதான் கழுத்து பத்தலன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க. இங்க போடற சாப்பாட்டைப் பார்த்தா, இன்னும் ரெண்டு நாள்ல பொத்தான் தானா ஏறிடும்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “உங்களுது இல்லன்னு சொல்லிடுங்க.”

“சொன்னா உங்களைக் கேப்பாங்க.”

“கேக்கட்டும்.”

“கேக்கற விதம் நல்லா இல்லம்மா.” சுவரில் சாய்ந்துகொண்டார். மூச்சு வாங்கியது. “ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? கேக்க மாட்டேன்னுதான் சொன்னேன். இருந்தாலும்.”

“கேளுங்க.”

“அவரு உங்களை நல்லா பார்த்துக்கறாரா?”

சுற்றி யாரும் இல்லை. சிப்பாய் மூட்டையோடு உள்ளே போயிருந்தான். அப்படி ஒருவர் இல்லை, இருந்தால் அது நீங்கள்தான் என்று சொல்வதற்கு அந்த நேரம் போதும். சொன்னால், அப்படியானால் அந்தச் சட்டை யாருடையது என்று அவர் யோசிப்பார். அவர் ஒன்றும் மந்தம் இல்லை. யோசித்தால் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே எடுப்பதற்குத்தான் அவரை இங்கே வைத்திருக்கிறார்கள்.

“பார்த்துக்கறார்,” என்றாள்.

“அப்ப சரி,” என்றார் கரிக்காரர். உண்மையாகவே அவருக்கு நிம்மதி போலத்தான் இருந்தது.

அடுத்த மூட்டை வந்தபோது சிப்பாய் அதை வாசலிலேயே வைத்துவிட்டு நின்றான். “அவரு போயிட்டாருக்கா,” என்றான். உடலைக் கொடுக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை.

ரொட்டிக்கடைக்காரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “வெச்சிருந்தவளா இருந்தா என்னக்கா, மனசு மனசுதானே. அழுதுடு,” என்றாள். தெருவே அவளுக்கு அழ உரிமை கொடுத்தது. ரொட்டிக்கடைக்காரியின் தோளில் சாய்ந்து அழுதாள். தெரு நம்பிய காரணத்துக்காகத்தான் அழுதாள். அது எப்போது உண்மையானது என்று அவளுக்குத் தெரியவில்லை. பரணில் இருந்தவருக்கு எல்லாம் கேட்டது.

சண்டை அடுத்த வருஷம் ஓய்ந்தது. முகாம் காலியானது. பாலத்தைத் திறந்தார்கள். வாத்தியார் ஏணியிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெளிச்சத்தில் கண் கூசி நின்றவரைப் பார்த்துத் தெரு முதலில் பேய் என்று நினைத்தது. பிறகு ஓடி வந்தது. கஞ்சியக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரி தலையில் அடித்துக்கொண்டு, “என் வாயில மண்ணு,” என்றாள். மகள் குழந்தையோடு வந்து, “ஏம்மா என்கிட்ட சொல்லல?” என்று அழுதாள். பதிலை அவளே கண்டுபிடித்துக்கொண்டு இன்னும் அழுதாள்.

கரிக்காரரையும் யாரும் விட்டுவிடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் திட்டம் போட்டார்கள், என்ன தைரியம், கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை பார் என்று பேசிக்கொண்டார்கள். சலவைக்காரி அதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்தப் பேச்சு பக்கத்து ஊருக்கும் போயிருக்கிறது. ஒரு நாள் காலை கரிக்காரரின் தங்கை வந்தாள். அண்ணனைப் போலவே அகலமான முகம். வாத்தியாரும் அப்போது கடையில் இருந்தார். அவர் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள், போக இடம் இல்லை. மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கை டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“ஊர்ல என்னென்னமோ சொல்றாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. உங்க வாயால ஒரு தடவை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.” சலவைக்காரியின் முகத்தைப் பார்த்தாள். “எங்க அண்ணனுக்குத் தெரியும்தானே? மேல இவரு இருந்தது?”

வாசலில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். வாத்தியார் தலையைத் தூக்கிச் சலவைக்காரியைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லச் சொல்லி அவர் கண் கெஞ்சியது. ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டம் இல்லை.

“தெரியாது,” என்றாள் சலவைக்காரி.

“தெரியாதா?”

“எனக்கு யாரோ இருக்காங்கன்னு நெனச்சார். என் பேரு கெடக் கூடாதுன்னு அவர் தலையில போட்டுக்கிட்டார்.”

“நீங்க சொல்லலையா?”

“இல்ல.”

“கடைசியா பார்த்தப்பவும்?”

“சொல்ல நேரம் இருந்துச்சு. சொல்லல.”

தங்கை கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அம்மா, தெரிஞ்சிருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார்.”

தங்கை அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

“அதையேதான் சொல்லியிருப்பான்,” என்றாள். “ஆனா தெரிஞ்சு சொல்லியிருப்பான்.”

குடிக்காத தண்ணீரை மேஜையில் வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். சலவைக்காரி பின்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டுச் சொல்வதற்கு இனி அவளிடம் எதுவும் இல்லை.